உங்ககிட்ட எத்தனை செயின்சா இருக்கணும்?

மரவேலை பத்தின எபிசோட் வந்ததுலேர்ந்து ஒரே கேள்வி வேற வேற வடிவத்துல வந்துகிட்டே இருக்கு. "என்கிட்ட ஒரு செயின்சா இருக்கு, ரெண்டாவது வாங்கலாமா?" "ஏற்கெனவே மூணு இருக்கு, வீட்ல திட்டுறாங்க, அது நியாயமா?" கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், அது உங்க குடும்ப விவகாரம். மத்ததுக்கு இன்னைக்கு சொல்றேன்.

நான் மரம் அறுக்குற தொழில்காரன் இல்லை. சிறுசேரி சிப்காட்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து சம்பாதிக்கிறவன். குடியிருக்கிறது தாழம்பூர் பக்கம் ஒரு ஃப்ளாட்ல. மதுராந்தகம் பக்கத்துல அப்பாவோட ஒண்ணரை ஏக்கர் இருக்கு. கொஞ்சம் சவுக்கு, நாலஞ்சு வேம்பு, பத்துப் பன்னிரண்டு தென்னை, வரப்பு முழுக்க சீமைக்கருவேலம். மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை அங்கே போய் அறுப்பேன். என்னோட அனுபவம் இவ்வளவுதான், அந்த அளவுலயே கேளுங்க.

என் பதில், ரெண்டு. ஆனா அந்த ரெண்டு ஏன், எந்த ரெண்டுங்கிறதுல தான் விஷயமே இருக்கு.

முதல்ல, இந்த ஆசை எங்கேர்ந்து வருதுன்னு பார்ப்போம். கேமரா வாங்குறவன் லென்ஸ்ல மாட்டிக்குவான். கீபோர்ட் வாங்குறவன் ஸ்விட்ச்ல மாட்டிக்குவான். செயின்சாவும் அப்படித்தான். 30 சி.சி.ல ஒண்ணு, 45ல ஒண்ணு, 60க்கு மேல ஒண்ணு, பழைய மாடல் ஒண்ணு, ஆஃபர்ல வந்தது ஒண்ணு. கலெக்‌ஷனா வைக்கிறதுல எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. சேர்த்து வைக்கத் தகுந்த மெஷின்தான் அது. ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் ஜெர்மனியில 1926ல கொண்டுவந்தது கரண்ட்ல ஓடுறது, தூக்கவே ரெண்டு ஆள் வேணும். இன்னைக்கு நாம மாட்டுற சங்கிலிப் பல்லோட வடிவத்துக்குக் காரணம் ஒரு வண்டுப் புழு. 1946ல அமெரிக்காவுல ஓரிகான்ல ஜோ காக்ஸ்னு ஒருத்தர், அந்தப் புழு மரத்தை இடமும் வலமுமா கடிச்சுகிட்டே போறதைக் கவனிச்சு, அதே மாதிரி சங்கிலி செஞ்சார். இப்படிக் கதை உள்ள பொருளை ஆசைப்பட்டு அலமாரியில வைக்கிறது தப்பே இல்லை. அதைக் 'தேவை'ன்னு சொல்லி வாங்காதீங்க, அவ்வளவுதான் நான் கேட்கிறது.

தேவைன்னு வந்தா கணக்கு எளிசு. வருஷத்துக்கு எத்தனை நாள் ஓட்டுறீங்க? நான் 12 நாள், மழைக்காலத்துல கூட ரெண்டு நாள். என் நண்பர் ஒருத்தர்கிட்ட ஏழு சா இருக்கு. அவரும் அதே அளவுதான் ஓட்டுறார். அப்போ ஒரு மெஷினுக்கு வருஷத்துல ரெண்டே நாள். போன வருஷம் புயல் எச்சரிக்கை வந்தப்ப ஏழையும் வெளியே எடுத்தார். ஸ்டார்ட் ஆனது மூணு.

ஏன் ஆகலை? பெட்ரோல். இந்த சின்ன இன்ஜின்ல பெட்ரோலோட டூ-டி ஆயில் கலந்துதான் ஊத்தணும். பெரும்பாலான மெஷினுக்கு 50:1, அதாவது 1 லிட்டருக்கு 20 மி.லி. உங்க மேனுவல்ல வேற அளவு போட்டிருந்தா அதுதான் சரி. இப்போ நம்ம பங்க்ல கிடைக்கிற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஓ.எம்.ஆர். ஓரத்துல, கடல் இவ்வளவு பக்கத்துல, காத்துல ஈரத்துக்குப் பஞ்சமா? டேங்க்ல மாசக்கணக்கா விட்டா கார்புரேட்டருக்குள்ள பிசின் மாதிரி படியும், உள்ள இருக்கிற மெல்லிசான ரப்பர் தகடு விறைச்சுப்போகும். எவ்வளவு எத்தனால் வரைக்கும் அந்த மெஷின் தாங்கும்னு மேனுவல்ல எழுதியிருப்பாங்க, வாங்குறதுக்கு முன்னாடியே அந்தப் பக்கத்தைப் படிங்க. வேலை முடிஞ்சதும் டேங்கைக் காலி பண்ணிட்டு, இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓடவிடணும். ஒரு மெஷினுக்கு இது அஞ்சு நிமிஷ வேலை. ஏழு மெஷினுக்கு யாரும் செய்யப் போறதில்லை.

அடுத்தது சங்கிலி. தாம்பரத்துல மரம் அறுக்குற ஒரு அண்ணன்கிட்டதான் நான் அரம் போடக் கத்துக்கிட்டேன். இருபது வருஷத்துக்கு மேல இதே தொழில். அவர் டெம்போவுல எப்பவும் ரெண்டு மெஷின்தான் இருக்கும், சங்கிலி மட்டும் எட்டு. "மெஷின் வெட்டாது தம்பி, பல்லுதான் வெட்டும்"னார். கூர் இருந்தா மரத்துலேர்ந்து செதில் செதிலா வரும். மாவு மாதிரி தூள் வந்தா நிறுத்திடணும். அதுக்கு மேல அழுத்தினா கையும் நோகும், பாரும் சூடாகும். நம்ம ஊர்ல இது சீக்கிரமே வரும். ஈ.சி.ஆர். பக்கம் சவுக்குப் பட்டை முழுக்க மணல். தென்னை நார் நாரா வந்து கவர்ல அடைக்கும், பல்லையும் மழுக்கும். சங்கிலி ஒரே ஒரு தடவை மண்ணைத் தொட்டாலும் போச்சு. சின்ன சாவோட சங்கிலிக்குப் பொதுவா 4 மி.மீ. வட்ட அரம் போதும், உங்க சங்கிலி அளவைப் பார்த்து வாங்குங்க. ரெண்டாவது மெஷினுக்கு வச்சிருக்கிற காசுல மூணு சங்கிலி, ரெண்டு அரம் வாங்குங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதனாலதான்.

சரி, அந்த அண்ணன் ஏன் ரெண்டு மெஷின் வச்சிருக்கார்? கேட்டேன். ரெண்டு காரணம். ஒண்ணு, மெஷின் நின்னா கூட வந்த மூணு பேருக்கும் அன்னைக்குக் கூலி இல்லை. அது நமக்குப் பொருந்தாது. நமக்கு ஒரு சனிக்கிழமை போகும், அவ்வளவுதான். இன்னொண்ணு பொருந்தும். விழுந்து கிடக்கிற மரத்துல ஒரு பக்கம் இழுபட்டு நிக்கும், மறுபக்கம் அமுங்கி இருக்கும். அமுங்குற பக்கத்துல ஆழமா அறுத்துட்டா வெட்டு மூடிக்கும், பாரோட மெஷின் மாட்டிக்கும். ஆப்பு அடிச்சு எடுக்கலாம். எப்பவும் வராது. அப்போ கையில இன்னொண்ணு இருந்தா, தள்ளி வேற இடத்துல அறுத்து விடுவிக்கலாம். ஆக ரெண்டாவது மெஷின்ங்கிறது முதல் மெஷினைக் காப்பாத்த. மூணாவதுக்கு இந்த மாதிரி ஒரு காரணம் இதுவரைக்கும் எனக்கு யாரும் சொல்லலை.

எந்த ரெண்டு? என்கிட்ட ஒரு சின்ன பெட்ரோல் சா, 16 இன்ச் பார். இன்னொண்ணு பேட்டரி. ஃப்ளாட்ல இருக்கிறவங்க பேட்டரியை மட்டும் வாங்கினா போதுமேன்னு நினைப்பீங்க. பாதி சரி. பால்கனியில பெட்ரோல் கேன் வைக்கவே கூடாது. பேட்டரிக்கு அந்தத் தொல்லை இல்லை, சத்தமும் கம்மி, பொத்தானை விட்டா நின்னுடும்.

ஆனா 2016 டிசம்பர் 12 ஞாபகம் இருக்கா? வர்தா. சென்னையிலயும் புறநகர்லயும் ஆயிரக்கணக்குல மரம் விழுந்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவை மூட வேண்டியதாச்சு. தாம்பரம் பக்கம் பல தெருவுல நாள்கணக்கா கரண்ட் இல்லை. அந்த மாதிரி வாரத்துல பேட்டரி சாவுக்கு உயிர், முன்னாடியே ஏத்தி வச்ச சார்ஜ் அளவுதான். நமக்கு சா ரொம்பத் தேவைப்படுற நாளும் கரண்ட் இல்லாத நாளும் ஒரே நாள். அதனாலதான் ஒண்ணு பெட்ரோல்.

இப்போ எனக்கு முக்கியமான இடத்துக்கு வரேன். சங்கிலி ஓடுற வேகம் நொடிக்கு 20 மீட்டர் அளவுல இருக்கும். பாரோட நுனியில மேல்பக்கம் ஏதாவது கட்டையில பட்டா மெஷின் முகத்தைப் பார்த்து எகிறும். நீங்க யோசிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். முன்கைத் தடுப்பு பிரேக்கைத் தட்டி சங்கிலியை நிறுத்தணும், அதுக்கு இடது கை, கட்டைவிரல் சுத்திப் பிடிச்சபடி, சரியான இடத்துல இருக்கணும். இதெல்லாம் கைக்குப் பழகின மெஷின்ல தானா நடக்கும். ஏழு மெஷின் வச்சிருந்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடை, ஒரு சமநிலை, பிரேக் ஒவ்வொரு இறுக்கம். வருஷத்துக்கு ரெண்டு நாள் தொடுற மெஷின் உங்க கைக்கு அந்நியம்தான். எண்ணிக்கை கூடக்கூட ஆபத்து கூடுதுன்னு நான் நினைக்கிறது இதனால. செலவை விட இதுதான் என்னோட பெரிய ஆட்சேபம்.

ஆன்லைன்ல கிடைக்கிற மலிவு சாவை விட ஒரு நல்ல சேஃப்டி பேன்ட் விலை ஜாஸ்தியா இருக்கலாம். வாங்குங்க. அதுக்குள்ள இருக்கிற நீளமான நார் இழுபட்டு, சங்கிலியை ஓட்டுற பல்சக்கரத்துல சுத்திக்கிட்டு மெஷினை நிறுத்தும். ஜீன்ஸ் அதைச் செய்யாது. கண்ணுக்கு, காதுக்கு, தலைக்கு, காலுக்கு எல்லாம் போட்ட பிறகுதான் ரெண்டாவது மெஷினைப் பத்திப் பேச்சு.

பெரிய மெஷின் பத்தி நிறைய பேர் கேட்கிறீங்க, 70 சி.சி., 24 இன்ச் பார்னு. தெருவுல விழுந்த தூங்குமூஞ்சி மரத்தை அறுக்க அது வேணும்தான், ஆனா அது நம்ம வேலை இல்லை. வேரோட சாய்ஞ்ச மரத்துல தண்டை அறுத்துவிட்டதும், எடை குறைஞ்சு, வேர்த்தட்டு மண்ணோட திரும்ப எழுந்து நிக்கும். பக்கத்துல நின்ன ஆள் போயே போயிடுவார். கூடவே மரத்தடியில அறுந்து கிடக்கிற ஒயர். கரண்ட் இருக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்ல முடியாது. ஈ.பி. ஆள் வந்து சொல்ற வரைக்கும் தொடாதீங்க. பொது இடத்துல நிக்கிற மரத்தை நம்ம இஷ்டத்துக்கு வெட்டவும் முடியாது, மாவட்ட பசுமைக் குழு அனுமதி வேணும்.

கடைசியா ஒண்ணு. எங்க அப்பார்ட்மென்ட் சங்கத்துல இந்தப் பேச்சு வந்தது. ஆறு வீட்ல ஆளுக்கொரு சா இருக்கு, நாலு பெட்ரோல், ரெண்டு பேட்டரி. அரம் போடத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர். சங்கம் சார்பா ஏழாவதா ஒண்ணு வாங்கணும்னு ஒரு தீர்மானம். நான் எதிர்த்தேன். இருக்கிற ஆறுல நல்லதா ரெண்டு எடுத்துப் பொதுவா வைப்போம், பேட்டரி ஒண்ணு பெட்ரோல் ஒண்ணு, சங்கம் காசுல சங்கிலியும் ஹெல்மெட்டும் பேன்ட்டும் வாங்குவோம், ரெண்டு பேர் பொறுப்பு எடுத்துக்கட்டும், மத்தவங்க தொட வேண்டாம்னேன். "என் மெஷினை வேற ஆள் ஏன் தொடணும்?"னு ஒரு சார் கோவிச்சுக்கிட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான், மழுங்கின சங்கிலியோட திரும்பி வந்தா யாருக்கும் கோவம் வரும். இன்னும் முடிவாகலை. மழைக்கு முன்னாடி இன்னொரு கூட்டம் இருக்கு, வடகிழக்குப் பருவமழை யாருக்காகவும் காத்திருக்காது.

உங்க அப்பார்ட்மென்ட்ல இதை எப்படித் தீர்த்தீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பெட்ரோல் கலக்குறதையும் அரம் போடுறதையும் அடுத்த எபிசோட்ல அந்தத் தாம்பரத்து அண்ணனையே பேச வைக்கிறதா இருக்கேன். ஒத்துக்கிட்டார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்னு சொல்லியிருக்கார்.