மழை நாளும் மரமும்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் வீட்டு வசதியையும் பற்றிப் பேசும் இம்மேடையில், இன்று நம் உடம்பைப் பற்றிச் சில வார்த்தை கூற விரும்புகிறேன். உடம்பு கெட்டால், போராடிப் பெற்ற சம்பளம் மருந்துக்கல்லவா போகும்?

மலேசியாவில் பெரியவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் நோய் உண்டென்று 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு கூறுகிறது. மற்ற இனத்தாரைவிட இந்தியரிடையே இது அதிகம். நாளடைவில் இந்நோய் காலின் உணர்ச்சியைக் குறைக்கும். முள் குத்தினாலும் தெரியாது. புண் புரையோடிய பின்பே தெரியும். காலை இழந்தவர் நிரையில் நடப்பதெப்படி?

ஆகவே பலரும் சபதம் செய்கிறோம்: "நாளை முதல் சீனியைக் குறைப்பேன், நாள்தோறும் நடப்பேன்." நான்கு நாள் ஒழுங்காக நடக்கிறது. ஐந்தாம் நாள் கலியாண வீட்டில் கேசரி! ஆறாம் நாள், "தவறிவிட்டது, இனியென்ன?" என்று பழைய டீக்கே திரும்புகிறோம். நம்மைக் கெடுத்தது கேசரியன்று. "இனியென்ன" என்ற அந்த எண்ணமே!

தோழர்களே, மழை பெய்தால் மரம் வெட்ட முடிவதில்லை. அதற்காக மரத்தையே விட்டுவிடுகிறோமா? அடுத்த வெட்டுக்குப் போகும்போது, விட்டதற்கும் சேர்த்து ஆழமாகச் சீவுகிறோமா? சீவினால் மரத்துக்குக் காயம். வழக்கமான மெல்லிய சீவல்தான். கிராணிமாரும் செக்ரோலில் ஒரு நாள் வராதவருக்கு அந்த ஒரு நாளைத்தான் குறிப்பார்கள், பெயரையே அடித்துவிடுவதில்லை. நம் உடம்புக்கும் அதே நியாயம் செய்வோம். தவறியதற்காக மறுநாள் பட்டினி வேண்டாம். விட்ட இடத்தில் தொடங்கினால் போதும்.

இது வெறும் ஆறுதலன்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தினமும் ஒரே வேளையில் செய்த சிறு நற்செயல் பழக்கமாக ஊற, நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. ஆகவே, ஒரு மாதத்தில் பழகவில்லையே என்று மனம் தளர வேண்டாம்.

செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, சிறிதாகத் தொடங்குங்கள்: இரண்டு கரண்டி சீனியை ஒன்றரையாக்குங்கள். நாக்கு பழகியபின் மேலும் குறைக்கலாம். இரண்டாவது, வேளையோடு கட்டுங்கள்: "முடிந்தபோது நடப்பேன்" என்றால் நடக்காது, "மாலை டீ குடித்ததும் கால்மணி நேரம்" என்றால் நடக்கும். மூன்றாவது, துணை தேடுங்கள்: பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து நடங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனி டீ என்றால் நிலைக்காது. எல்லோருக்கும் சீனி குறையட்டும்.

ஏற்கெனவே மருந்து உண்போர் டாக்டரைக் கேளாமல் அதை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. சோதித்துப் பாராதோர் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தத்தைச் சோதியுங்கள்.

கோப்பிக்கடையில் சீனியில்லாத் தே ஓ கேட்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். "நேற்று வரவில்லையே, இன்று நடக்கப் போவோமா?" என்று வீட்டு வாசலில் நின்று கூப்பிடுங்கள். தளர்ந்தவரைத் தாங்கத்தானே சங்கம் வைத்திருக்கிறோம்?