வேலை மாறும்போது கையில் என்ன?



கூகுளில் தானியங்கிக் கார் பொறியாளராக இருந்த ஆந்தனி லெவண்டாவ்ஸ்கி, 2015 டிசம்பரில் சுமார் 14,000 ஃபைல்களை இறக்கிக்கொண்டு அடுத்த மாதமே ராஜினாமா செய்தார். 2020-ல் 18 மாதச் சிறைத்தண்டனை. அதுவும் ஒரே ஒரு வாராந்திர முன்னேற்றக் குறிப்பை எடுத்ததாக ஒப்புக்கொண்டதற்கு! (2021-ல் ஜனாதிபதி டிரம்ப் மன்னித்துவிட்டார், எல்லோருக்கும் வாய்க்குமா?)

"விலகியபின் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது" என்று ஆர்டரில் போட்டிருந்தால் பயப்படாதீங்க. நம் 1872 ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவின்படி அது செல்லாது. ஆனால் டிராயிங், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் கம்பெனி சொத்து. கையில் ஊறிய தொழில்தான் நம்முடையது.

ஒரு இன்டர்வியூவில் என்னிடமே, "பழைய இடத்து கொட்டேஷன் விவரம் கொண்டு வருவீங்களா?" என்று கேட்டார்கள். சம்பளம் இரண்டு மடங்கு. "அந்த வேலை வேண்டாம்"னு வீட்டில் சொன்னேன். மனைவிக்கு ஒரு வாரம் கோபம்.