நித்திரை வராத இரவுகளுக்கு

(சியாகுல்லியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், புதிதாக வந்திருக்கும் எம்மவர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



நேற்று இரவு எத்தனை மணிக்குக் கண்ணை மூடினீங்கள் எண்டு நான் இங்கே கேட்டால், பாதிப்பேர் சிரிப்பீங்கள். மிச்சப்பேர் நிலத்தைப் பார்ப்பீங்கள். அந்த நிலத்தைப் பார்க்கிறவர்களோடைதான் இண்டைக்குக் கதைக்கப் போறன்.

சியாகுல்லி அமைதியான இடம். மொந்தே கிரிஃபோனே மலையடிவாரம், சுற்றிவர மந்தரீன் தோட்டங்கள். "இவ்வளவு அமைதியான இடத்திலை ஏன் நித்திரை வரேல்லை?" எண்டு இத்தாலியர் கேட்பினம். அவர்களுக்கு விளங்காது. எங்களிலை பலருக்கு அமைதிதான் பயம். ஷெல் விழ முதல் ஒரு அமைதி இருக்கும், அது தெரிஞ்சவர்களுக்குத்தான் தெரியும். இங்கே தோட்டத்து நாய் ஒண்டு குரைச்சால், அடுத்த வளவு நாயும் குரைக்கும். ஊரிலை நடுச்சாமத்திலை நாய் குரைச்சால் ஆமி வருது, சுற்றிவளைப்பு எண்டு அர்த்தம். உங்கள் மூளை இத்தாலிக்கு வந்திட்டுது எண்டு உங்கள் காதுக்கு இன்னும் ஒருவரும் சொல்லேல்லை. அதுதான் விஷயம்.

நான் வந்த முதல் ஜூலை மாதம் பலர்மோ நகரத்துக்குள்ளை ஒரு அறையிலை இருந்தன். 14ஆம் திகதி இரவு சாந்தா ரொசாலியாவின் பெருவிழா எண்டு எனக்கு ஒருவரும் சொல்லேல்லை. முதல் வாணவெடி வெடிச்சதும் கட்டிலுக்குக் கீழை போயிட்டன். கீழை கிடந்தபடி ஒவ்வொரு வெடியையும் எண்ணினன், அந்தப் பழக்கம் ஊரிலை வந்தது. அடுத்த நாள் வெட்கத்திலை ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். ஜூலை 14ம் டிசம்பர் 31ம் இரவிலை வெடி வெடிக்கும் எண்டு இப்பவே கலண்டரிலை குறிச்சு வையுங்கள். அண்டைக்குத் தனிய இருக்காதேங்கோ. வருகிறது தெரிஞ்ச சத்தம் பாதிச் சத்தம்தான்.

இது பைத்தியம் இல்லை. யாழ். மருத்துவ பீடத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் எங்கட சனத்தின் இந்த நிலையைப் பற்றி ஆண்டுக்கணக்காக எழுதியவர். 1998இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலே வந்தது. "மனவடு" எண்ட சொல்லும் எங்களிட்டை இருக்குது. உடம்பிலை காயம் ஆறினாலும் வடு இருக்கிறமாதிரி. ஆபத்து முடிஞ்ச பிறகும் உடம்பு காவல் நிக்குது. இருதயம் அடிக்கிறதும் வியர்க்கிறதும் அந்தக் காவலாலைதான்.

சிலர் எனக்கு இரகசியமாகச் சொல்லியிருக்கினம்: "அக்கா, முழிப்பு வந்தது, ஆனால் கையைக் காலை அசைக்க ஏலேல்லை, நெஞ்சிலை ஏதோ ஏறி இருந்தது, கத்தவும் குரல் வரேல்லை" எண்டு. அமுக்குவான் பேய் எண்டு ஊரிலை சொல்லுறது இதைத்தான். கனவு காணுற நேரத்திலை உடம்பின் தசைகள் தளர்ந்து அசையாமல் கிடக்கும். இல்லாட்டிக் கனவிலை ஓடுற ஓட்டத்தை நாங்கள் கட்டிலிலையும் ஓடுவம். சிலவேளை மூளை முந்தி முழிச்சிடும், உடம்பு பிந்தி முழிக்கும். சில செக்கன்கள், கூடினால் ஒண்டிரண்டு நிமிஷம். நித்திரை குறைஞ்சவர்களுக்கும் மல்லாந்து படுக்கிறவர்களுக்கும் கூட வரும். ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள், விடுபடும். சரிஞ்சு படுங்கள்.

இனி என்ன செய்யலாம் எண்டு பார்ப்பம்.

படுத்து இருபது நிமிஷம் போல ஆகியும் நித்திரை வரேல்லை எண்டால் எழும்புங்கள். மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம், மட்டுக்கட்டினால் போதும். கதிரையிலை இருந்து மங்கல் வெளிச்சத்திலை ஏதாவது சின்ன வேலை செய்யுங்கள், உடுப்பு மடிக்கிற மாதிரி. கண் சொருகினால் திரும்பப் படுங்கள். படுக்கையிலை கிடந்து புரண்டால், கட்டிலைக் கண்டாலே உடம்புக்குப் பயம் பழகிப்போகும். எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலமை ஒரே நேரத்துக்கு எழும்புறதுதான் மற்றப் பக்கத்துப் பாதி. முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். பகலிலை படுக்கத்தான் வேணும் எண்டால் மூண்டு மணிக்கு முதல், அரை மணித்தியாலத்துக்கு மேலை வேண்டாம்.

கோப்பியைப் பற்றிச் சொல்லாமல் விடேலாது, இது இத்தாலி. பின்னேரம் 4 மணிக்குக் குடிச்ச கோப்பியின் வீரியத்தில் பாதி இரவு 9 மணி போலவும் உடம்பிலை நிக்கும். எங்கட சாயத் தேத்தண்ணியும் அதே குடும்பம்தான். மதியத்தோடை நிப்பாட்டுங்கள். சாராயமும் வைனும் கெதியாய் நித்திரையாக்கும், ஆனால் விடியப்புறம் முழிக்கப் பண்ணும், கனவையும் கூட்டும். பக்கத்துக் கட்டில் அண்ணை தாற நித்திரைக் குளிசையை வாங்காதேங்கோ. அது சில கிழமையிலேயே பழக்கமாகிப்போகும். மதுவோடை சேர்ந்தால் மூச்சையே நிப்பாட்டும்.

கைத்தொலைபேசியும் ஒரு காரணம். ஊருக்கும் இங்கைக்கும் குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலம், கோடையில் மூண்டரை மணித்தியாலம் வித்தியாசம். அம்மா காலமை 5 மணிக்கு எழும்பி உங்களை நினைச்சு எடுத்தால் இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். அந்நேரத்திலை மணி அடிச்சால் யாரோ செத்துப்போச்சினம் எண்டுதான் மனம் ஓடும். வீட்டிலை சொல்லி வையுங்கள், "நான் உங்கட பின்னேரத்திலை எடுக்கிறன்" எண்டு. அம்மாவுக்குக் கோபம் வராது, மகன் நித்திரை கொள்ள வேணும் எண்டால் எந்தத் தாயும் விடுவா.

பயம் ஏறி வரும்போது காலை நிலத்திலை ஊண்டுங்கள். கண்ணாலை காணுற அஞ்சு பொருளின் பெயரை மெல்லமாய்ச் சொல்லுங்கள். யன்னல், சப்பாத்து, கோப்பை, இப்படி. பிறகு மூச்சை உள்ளே இழுக்கிறதை விட வெளியே விடுறதை நீட்டுங்கள். இது புதுசு இல்லை. தயா சோமசுந்தரம் ஐயா எங்கட ஆக்களுக்குச் சொன்னதே அதுதான்: சைவர் மந்திரம் சொல்லலாம், கத்தோலிக்கர் செபமாலை உருட்டலாம், முஸ்லிம்கள் திக்ர் செய்யலாம். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல மூச்சு தன்பாட்டிலை ஆறுதலாகும்.

ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வருதெண்டால், அதைப் பகலிலை எடுங்கள். எழுதி, முடிவை மாத்துங்கள். கடலிலை கை நழுவிப்போன கனவு எண்டால், கை பிடிபடுறதாக எழுதுங்கள். மாத்தின கதையை மட்டும் ஒவ்வொரு நாளும் சில நிமிஷம் மனதிலை ஓட்டுங்கள். வைத்தியர்களும் இந்த முறையைப் பாவிக்கினம். ஆனால் உள்ளதுக்குள்ளை மோசமான கனவைத் தனிய எடுக்க வேண்டாம். சின்னதிலை தொடங்குங்கள், பெரியதுக்கு ஒரு ஆள் பக்கத்திலை இருக்கட்டும்.

இப்ப முக்கியமான கதைக்கு வாறன். "மனநல வைத்தியரிட்டைப் போனால் கேஸ் பழுதாகுமோ?" எண்டு கேட்கிறீங்கள். இல்லை. அது நிராகரிக்கிறதுக்குக் காரணமும் இல்லை. தஞ்சம் கேட்டவர்களுக்குப் பொது சுகாதாரச் சேவையில் பதிய உரிமை உண்டு, மெதிகோ தி பாசே எனப்படும் குடும்ப வைத்தியர் கிடைப்பார். கடதாசி இன்னும் வராதவர்களுக்கும் அவசர, அத்தியாவசிய வைத்தியம் உண்டு. வைத்தியசாலைக்குப் போனதை அவர்கள் பொலிசுக்கு அறிவிக்கக் கூடாது எண்டு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு சொல்லுது.

இன்னொண்டு. நித்திரை இல்லாத மூளைக்குத் திகதிகள் குழம்பும். கொமிசியோனே விசாரணையிலை 2008 எண்டு சொல்லவேண்டிய இடத்தில் 2009 வந்திடும். பொய் சொல்லுறீர் எண்டு எழுதிப்போடுவினம். ஆகவே நித்திரைப் பிரச்சினையை இப்பவே வைத்தியரிட்டைச் சொல்லி எழுத்திலை எடுத்து, உங்கட சட்டத்தரணியிட்டைக் குடுங்கள். உடல்நிலை சரியில்லை எண்டு வைத்தியர் உறுதிப்படுத்தினால் விசாரணையைப் பின்போட 2008ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க ஆணையிலை இடமிருக்கு. சித்திரவதை பட்டவர்களை எப்படிக் கவனிக்க வேணும் எண்டு சுகாதார அமைச்சு 2017இல் வழிகாட்டியும் வெளியிட்டிருக்கு. அதைச் சொல்ல வெட்கப்படாதேங்கோ. மொழிபெயர்க்கிறவர் தெரிஞ்ச ஆள் எண்டு கூச்சமாய் இருந்தால், வேறை ஆள் வேணும் எண்டு கேளுங்கள். பெண்கள் பெண்ணைக் கேட்கலாம்.

செத்தால் நல்லது எண்ட நினைப்பு வந்தால் விடியுமட்டும் பார்த்திருக்க வேண்டாம். பக்கத்திலை படுக்கிறவரை எழுப்புங்கள், 112க்கு அடியுங்கள்.

இத்தாலி தெரியாதவர்கள் இதைக் கடதாசியிலை எழுதிக் கொண்டு போங்கள். "நொன் ரியேஸ்கோ அ தொர்மீரே" எண்டால் நித்திரை கொள்ள முடியேல்லை. "ஓ லி இன்கூபி" எண்டால் கெட்ட கனவு வருது. "ஓ பவூரா தி நொத்தே" எண்டால் இரவிலை பயமாயிருக்கு. எங்க, ஒருக்கால் எல்லாரும் சேர்ந்து சத்தமாய்ச் சொல்லுங்கோ பார்ப்பம்.