முதுமையில் மனத்துக்கு மருத்துவம்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



முழங்கால் நோவென்றால் மாரேட்பள்ளியில் எந்த வைத்தியர் நல்லவர் என்று நம்மவர் ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொள்கிறோம். மனம் நோகிறதென்றாலோ வாய் திறப்பதில்லை. எர்ரகட்டா மருத்துவமனையின் பெயரைக் கேலிப் பேச்சாக வழங்கும் பழக்கம் இந்நகரில் உண்டு. அதற்கு அஞ்சியே பெரியவர்கள் பலர், ‘உறக்கமில்லை, பசியில்லை’ என்னும் சொற்களுக்குள் தம் துயரை ஒளித்துவிடுகின்றனர்.

வயதான பின் பேசி என்ன பயன் என்பார் உளர். உளப்பகுப்பாய்வின் தந்தையாகிய ஃபிராய்டே, ஐம்பது வயதையொட்டி மனத்தின் நெகிழ்ச்சி குன்றுவதால் தம் முறை பயன்படாதென்று 1904-இல் பேசினார். அப்பொழுது அவருக்கே வயது 48! அதன்பின் 30 ஆண்டுகளுக்கு மேல் அவர் புதிது புதிதாகச் சிந்தித்து எழுதினார் என்பது வேறு கதை.

இதற்கு விடை நம் நாட்டிலேயே கிடைத்துள்ளது. கோவாவில், மனச்சோர்வின் இலேசான அறிகுறிகள் மட்டுமே கண்ட, 60 வயது கடந்த 181 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதனைத் ‘தில்’ என்றழைத்தனர். நம் நகரத்து உருதுவில் இதயம் என்று பொருள். மருத்துவரல்லாத, பயிற்சி மட்டுமே பெற்ற சாதாரண மனிதர்கள் ஒரு பகுதியினருடன் அமர்ந்து பேசினர். பெருங்கவலையைச் சிறு சிக்கல்களாகப் பிரித்து ஒவ்வொன்றாகத் தீர்க்கவும், உறக்கத்தை ஒழுங்கு செய்யவும் கற்பித்தனர். ஓராண்டில் முழு மனச்சோர்வுக்கு ஆளானோர் இவர்களுள் நூற்றுக்கு 4 பேர். வழக்கமான கவனிப்பே பெற்றவர்களுள் 14 பேர். 2019-இல் வெளியான முடிவு இது.

அங்கு செல்வோர் எதை எதிர்பார்க்கலாம்? தைராய்டுக் குறை, பி-12 சத்துக் குறை, சில மருந்துகளின் பின்விளைவு ஆகியனவும் மனச்சோர்வைப்போலவே தோன்றுமாதலின், முதலில் உடற்பரிசோதனை செய்துகொள்வது நலம். பின்னர் வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேர அளவில், சில வாரங்கள் உரையாடல் நடைபெறும். முதல் நாள் கேள்விகளே மிகுதி. உபதேசத்தை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவர். வீட்டுப்பாடமும் உண்டு: மாலை நடை, பழைய நண்பருக்கொரு தொலைபேசி அழைப்பு, உறங்கிய நேரக் குறிப்பு. பழைய துயரங்கள் கிளறப்படுவதால் தொடக்கத்தில் பாரம் சற்றுக் கூடுதலாகத் தோன்றலாம். அதைக் கண்டு பாதியில் நிறுத்திவிட வேண்டா. காது மந்தமென்றால் கூசாமல் சொல்லலாம்.

அழைத்துச் செல்லும் மகனும் மருமகளும் வெளியே அமர்ந்திருப்பதே முறை. அங்குப் பேசியதை இரகசியமாகக் காப்பது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தரும் உரிமை. உயிருக்கு ஆபத்து முதலிய சில நிலைகளில் மட்டுமே விலக்குண்டு.

மொழிதான் நமக்குப் பெரிய தடை. நாற்பது ஆண்டு கடைத்தெருவில் தெலுங்கும் அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசியவருக்கும், மனைவியை இழந்த துயரைச் சொல்லத் தமிழே வருகிறது. ஆதலின் தமிழறிந்தவர் வேண்டுமென்று கேட்பதில் பிழையில்லை. சென்னையிலுள்ள ஒருவரோடு காணொளியில் பேசவும் இன்று வழியுண்டு. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ், எண் 14416, கட்டணமின்றி இரவும் பகலும் இயங்குவது, தமிழிலும் பேசலாம். முதியோர்க்கான எல்டர்லைன் எண் 14567. இதன் வித்து 2017-இல் நம் ஹைதராபாத்திலேயே ஊன்றப்பட்டது என்பதில் நமக்குச் சிறிது பெருமையும் உண்டு.

இறுதியாக ஒன்று. ‘வாழ்ந்தது போதும்’ என்று பெரியவர் சொன்னால் நம் வீடுகளில் அதை வேதாந்தமென்று கொள்கிறோம். சில வேளை அது வேதாந்தமே. ஆனால் உணவை வெறுத்து, தம் பொருள்களைப் பிறர்க்கு வழங்கிவிட்டு அவ்வாறு சொல்பவரிடம், ‘உயிரை விட எண்ணுகிறீர்களா?’ என்று நேராகவே கேட்டுவிட வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்க. மேற்சொன்ன இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி, பெரியவர் நாற்காலிக்கு எதிரேயுள்ள சுவரில் ஒட்டிவைக்கலாம்.