உமிக்கரியும் பசளையும்



பசளை போட்டும் பயிர் தேறவில்லை என்று உங்களிற் பலர் சொன்னீர்கள். மண் புளிப்பாகி, பி.எச். அளவு 5.5 இற்குக் கீழே இறங்கினால், போட்ட பொசுபரசு மண்ணோடு பிணைபட்டுவிடும், வேருக்குக் கிடைக்காது. முதலில் விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லி மண்ணைப் பரிசோதியுங்கள். சுண்ணக்கல் மேற்கிடக்கும் யாழ்ப்பாணச் செம்மண்ணுக்குப் பொதுவாக இது தேவைப்படாது.

புளிப்பு என்று தெரிந்தால், அரிசி ஆலை உமி கைகொடுக்கும். அதைப் புகையவிட்டுக் கருக்கி, சாம்பலாகுமுன் தண்ணீர் தெளித்து அணையுங்கள். கரியைத் தனியே போட்டால் மண்ணிலுள்ள நைதரசனை அதுவே பிடித்துக்கொள்ளும். ஆகவே மாட்டெருவோடு கலந்து, ஈரமாக இரண்டு கிழமை மூடிவைத்து இடுங்கள். கரி புளிப்பைச் சற்றுத் தணிக்கும். பசளை மழையில் கழுவுப்படாமல் காக்கும். ஆனால் பசளைக்குப் பதிலாகாது. கடும் புளிப்புக்கு டொலமைற்றும் வேண்டும். முதற்போகம் ஒரு பாத்தியில் மட்டும் போட்டு, போடாத பாத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றியாயிற்று என்று கையளிக்கப்படாத காணியில் தீ மூட்டவோ மண்வெட்டி போடவோ கூடாது. விளைச்சல் ஒரு போகம் பிந்தலாம், உயிர் திரும்பாது.