நீரிழிவுற்ற பூனையும் நான்கு வீடுகளும்

பூனாவிலிருந்து வந்து பூனையைப் பற்றிப் பேசுகிறார்களே என்று நீங்கள் நகைக்கலாம். நகரத்தின் பெயர் புனே என்று மாறிவிட்ட போதிலும், எங்களைப் போன்ற பழைய தமிழர் வாயில் பூனா என்றே வருகிறது. ஆனால் இன்று நாங்கள் சொல்ல வந்தது விளையாட்டுச் செய்தி அன்று. சொந்த ஊரை விட்டு வந்து, அண்டை அயலாரை நம்பி வாழ்கின்ற குடும்பங்கள் யாவற்றுக்கும் அது பொருந்தும்.

ராஸ்தா பேட்டையில், படிகள் குறுகிய ஒரு பழைய கட்டடத்தில் நாங்கள் இருவர் வசிக்கிறோம். மக்கள் வேலையை முன்னிட்டு வேற்றூர்களுக்குச் சென்றுவிட்டனர். எட்டு ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்து அடைமழையில், மாடிப்படியில் ஒதுங்கிய குட்டி ஒன்று எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதற்கு மணி என்று பெயரிட்டோம். மராட்டியக் குழந்தைகள் பூனையை ‘மனீமாவ்’ என்று கொஞ்சுவது வழக்கம். ஆகவே கட்டடத்துக் குழந்தைகளும் நாங்களும் அதனை ஏறத்தாழ ஒரே பெயரால் அழைத்தோம்.

சென்ற ஆண்டு கோடையில் மணி தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு அகலாதிருந்தது. மணற்பெட்டி அடிக்கடி நனைந்தது. உணவு குறையவில்லை, உடலோ நாளுக்கு நாள் இளைத்தது. பின்னர், பின்னங்கால்களின் குதி தரையில் படிய, தளர்ந்து நடக்கத் தொடங்கியது. மிருக வைத்தியர் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தார். அச்சமுற்ற பூனைக்கு அச்சத்தினாலேயே இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடுமாம். எனவே, முந்தைய இரண்டு மூன்று வாரங்களின் நிலையைக் காட்டும் ‘ஃபிரக்டோஸமின்’ என்னும் சோதனையையும் செய்வித்து, “இது நீரிழிவுதான்” என்று உறுதி கூறினார்.

மனிதருக்கு வரும் நோய் பூனைக்கும் வருமா என்று வியந்தோம். உண்மையில் இந்நோயைப் பற்றிய அறிவே விலங்குகளின் வழியாக நமக்குக் கிடைத்ததுதான். 1889ஆம் ஆண்டில், ஸ்ட்ராஸ்பர்க் நகரில், மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்னும் இருவர் நாயொன்றின் கணையத்தை அகற்றியபோது, அதற்கு நீரிழிவு உண்டானதைக் கண்டனர். 1921இல் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களிடம் ஆராய்ந்து இன்ஸுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்ஸன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் மாடுகளின் கணையத்திலிருந்தும் பன்றிகளின் கணையத்திலிருந்தும் எடுத்த இன்ஸுலினே மக்களின் உயிரைக் காத்தது. இன்று மனிதருக்கென ஆய்வகத்தில் ஆக்கப்படும் மருந்து பூனைக்கும் பயன்படுகிறது. பழைய கடனில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிச் செலுத்துகிறோம் என்று கொள்ளலாம் அல்லவா?

வைத்தியர் இரண்டு கட்டளைகள் இட்டார். பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை, காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும், இரண்டு யூனிட் இன்ஸுலின் தோலடியில் செலுத்த வேண்டும். மாவுப்பொருள் மிகுந்த உணவை நிறுத்திப் புலால் உணவு தர வேண்டும். இரண்டும் எங்களை மலைக்கச் செய்தன. எங்கள் கைகளுக்கோ ஊசி பழக்கமில்லை. வீடோ சைவ உணவு வீடு. பாலும் தயிர்ச்சோறும் அன்போடு ஊட்டினோம், மணி பெருத்தது. பூனையின் உடல் புலாலுக்கென அமைந்தது என்பதையும், உடற்பருமன் இந்நோய்க்கு வழி திறக்கும் என்பதையும் காலம் கடந்தே அறிந்தோம்.

எங்கள் தயக்கத்தைக் கீழ்வீட்டு மாவ்ஷி ஒரு சொல்லில் தீர்த்தார். “உங்கள் அடுப்பில் ஏற்ற வேண்டாம், என் அடுப்பில் வேகட்டும்” என்றார். வெறும் அவித்த கோழி நெடுநாளைக்குப் போதாது. டாரின் முதலிய சத்துகளும் வேண்டும் என்று வைத்தியர் கூறியபடியால், அவர் குறித்த டப்பா உணவையும் உடன் சேர்த்தோம். மேல்வீட்டுக் காகா இருபது ஆண்டுகளாகத் தமக்குத் தாமே இன்ஸுலின் போட்டுக்கொள்பவர். தோலைக் கூடாரம்போல் தூக்கி, அதன் அடியில் ஊசியைச் செலுத்தும் முறையை அவரே எங்களுக்குக் கற்பித்தார். எதிர்வீட்டில் தங்கிப் படிக்கும் திருநெல்வேலிப் பிள்ளை, காது மடலில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கருவியில் சர்க்கரை அளவைப் பார்க்கக் கற்றுக்கொண்டான். இவ்வாறு ஒரு பூனையின் நோய் நான்கு வீடுகளின் பொறுப்பாயிற்று.

மார்கழி மாதத்தில், கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்து மூத்தவர் ஒருவர் காலமான செய்தி வந்தது. சாவியைக் காகாவிடம் கொடுத்துவிட்டு அன்றே புறப்பட்டோம். மூன்றாம் நாள் நள்ளிரவு கடந்து தொலைபேசி ஒலித்தது. “மாமா, மணி தள்ளாடி விழுகிறது, கருவி நாற்பத்தெட்டு காட்டுகிறது” என்றான் பிள்ளை. பின்னால் மாவ்ஷி மராட்டியில் ஏதோ கூறுவது கேட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நின்று நாங்கள் என்ன செய்ய இயலும்? ஆனால் செய்யவேண்டியதை அவர்கள் முன்னரே தொடங்கியிருந்தனர். மாவ்ஷி தேனை விரலில் தொட்டு ஈறுகளில் தடவினார். உணர்வு குன்றிய விலங்கின் வாயில் எதையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பின்னர் மூவரும் ஆட்டோவில் மணியைச் சிகிச்சைக்குக் கொண்டு சென்று, விடியும்வரை அங்கேயே காத்திருந்தனர். மணி பிழைத்தது.

நேர்ந்த பிழை யாது? மணியின் ஸிரிஞ்சுகள் அன்று மாலை தீர்ந்துபோயின. காகா தம்முடைய ஸிரிஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு என்ற கோடு வரை மருந்தை ஏற்றிச் செலுத்தினார். நம் நாட்டில் இன்ஸுலின் பெரும்பாலும் இரு செறிவுகளில் விற்கப்படுகிறது: ஒரு மில்லிலிட்டரில் நாற்பது யூனிட் உள்ளது ஒன்று, நூறு யூனிட் உள்ளது மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் உரிய ஸிரிஞ்சு வேறு. நாற்பதுக்குரியதன் மூடி பொதுவாகச் சிவப்பு. நூறுக்குரியதன் மூடி ஆரஞ்சு. காகாவின் மருந்து நாற்பது. மணியின் மருந்து நூறு. நாற்பதின் ஸிரிஞ்சில் நூறின் மருந்தை இரண்டு கோடு ஏற்றினால், உட்செல்வது இரண்டு யூனிட் அன்று, ஐந்து யூனிட். அனுபவமற்றவராக இருந்திருப்பின் எங்களைக் கேட்டிருப்பார். இருபது ஆண்டுப் பழக்கமே அவரைக் கேளாதிருக்கச் செய்தது.

நாங்கள் ஊர் திரும்பியபோது காகா எங்கள் படியில் தென்படவில்லை. ஒரு வாரம் சென்றது. மணியைத் தூக்கிக்கொண்டு நாங்களே மேலே சென்றோம். “இனி அதைத் தொட மாட்டேன், கொல்ல இருந்தேனே” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸிரிஞ்சுகளை எண்ணி வைக்காமலும், மூடியின் நிறத்தைச் சொல்லாமலும் சென்றது எங்கள் குற்றம் என்றோம். அவர் ஏற்கவில்லை. வாதாடுவதை விடுத்து, மருந்தையும் ஆரஞ்சு மூடி ஸிரிஞ்சையும் அவர்முன் வைத்தோம். மணி ஏழாயிற்று. நெடுநேரம் பார்த்திருந்து, பின் கையைத் துடைத்துக்கொண்டு, அவரே ஊசியைப் போட்டார். அவர் கை சற்றே நடுங்கியது. மணி அசையவில்லை.

அன்று முதல் நான்கு வீட்டாரும் சில ஒழுங்குகளைக் கைக்கொள்கிறோம். மருந்துக் குப்பியும் அதற்குரிய ஸிரிஞ்சுகளும் ஒரே டப்பாவில், குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் இருக்கும், மருந்து உறைந்துவிடலாகாது. பக்கத்தில் தொங்கும் நோட்டில், ஊசி போட்டவர் நேரத்தையும் அளவையும் அப்போதே எழுதுவார். போட்டாயிற்றா இல்லையா என்று ஐயம் வந்தால் போடலாகாது. ஒரு வேளை தவறுவதைவிட இருமுறை போடுவதே பேரபாயம். மணி உண்ண மறுத்தால், வைத்தியரைக் கேட்காமல் ஊசி இல்லை. அளவை அவரன்றி ஒருவரும் மாற்றுவதில்லை. தேன் குப்பி கதவருகில் இருக்கும்.

தொடக்கத்திலேயே தக்க சிகிச்சையும் உணவும் கிடைத்தால், சில பூனைகள் இன்ஸுலின் இன்றியே வாழும் நிலையை அடைவதுண்டு. மணி அந்நிலையை இன்னும் எய்தவில்லை. ஆயினும் வைத்தியர் அளவை ஒரு யூனிட்டாகக் குறைத்துவிட்டார். குதி தரையில் படியாமல் நடக்கிறது. காகாவின் படிகளில் தானே ஏறுகிறது.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் பலர் அயலாரிடம் உதவி கேட்கக் கூசுகிறோம். கேட்டாலும் பாதி விவரத்தையே சொல்லுகிறோம். மீதியை அவர்கள் தம் அன்பினால் நிரப்ப முயல்கையில்தான் தவறு நேர்கிறது. ஆகவே உதவியைக் கேளுங்கள். முழுமையாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். எங்கள் நோட்டில் இன்று தமிழ், மராட்டி என்னும் இரு மொழிகளிலும் நான்கு கையெழுத்துகள் உள்ளன. காலை வேளையில் பெரும்பாலும் காகாவின் கையெழுத்தே காணப்படுகிறது.