ஈரறிவு உயிரும் எங்கள் வளவும்



மாரி பிறந்துவிட்டால், விடியப்புறம் வளவுக்குள் இறங்குபவர்களின் கண்ணில் முதலில் படுவது நத்தைதான். கிணற்றுக்கட்டு, மதில், பப்பாசி மரம், வாழைக்குட்டியின் குருத்து என்று எங்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். விரல் நீளத்துக்குக் கபில நிற ஓடு, அதில் கருங்கோடுகள். அடுத்து என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். குசினிக்குள்ளிருந்து உப்புப் போத்தல் வரும். ஒரு பிடி உப்பு விழுந்ததும் நத்தை நுரை கக்கிச் சுருளும். உடலில் உள்ள நீரை உப்பு இழுத்தெடுக்க, அது மெல்ல மெல்லச் சாகும். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த உப்பைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. நத்தையைச் செல்லப் பிராணியாகவோ உணவுக்காகவோ மனிதர் வளர்க்கலாமா? இலண்டனில் உள்ள எங்கள் உறவுகளின் பிள்ளைகளுக்கு இது புதினமில்லை. எங்கள் வளவில் ஊரும் இதே ஆபிரிக்க நத்தையை அங்கே கண்ணாடித் தொட்டியில் விட்டு வீட்டிலும் வகுப்பறையிலும் வளர்ப்பதுண்டு. கானாவிலும் நைஜீரியாவிலும் பெரிய நத்தைகள் இறைச்சிக்காகப் பண்ணையில் வளர்க்கப்படுகின்றன. பிரான்சில் உள்ளியும் வெண்ணெயும் சேர்த்துச் சமைத்த நத்தை விருந்துணவு. "இங்கே இவ்வளவு நத்தை சும்மா கிடக்கிறதே, வளர்த்து ஏற்றுமதி செய்தால் என்ன?" என்று வேலை தேடும் இளைஞர்கள் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த நத்தை எங்கள் மண்ணுக்கு உரியதன்று. கிழக்கு ஆபிரிக்காவில் தோன்றியது. 1847ஆம் ஆண்டு வில்லியம் பென்சன் என்பவர் மொரீசியஸ் தீவிலிருந்து சில நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை அங்கே ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. 1900ஆம் ஆண்டளவில் ஒலிவர் கொலெட் என்பவர் கல்கத்தாவிலிருந்து அவற்றை இலங்கைக்கு வருவித்தார். பத்து ஆண்டுகளுக்குள் தெற்கே பயிர்களை மேயும் அளவுக்கு அவை பெருகிவிட்டன. அன்றைய அரசாங்கப் பூச்சியியலாளர் ஈ. ஈ. கிரீன் அதைப் பற்றி எழுதும் நிலை வந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பென்சனும் சரி, கொலெட்டும் சரி, நத்தையை வெறுத்தவர்கள் அல்லர். இருவரும் நத்தைகளைத் தேடித் தேடி ஆராய்ந்தவர்கள். விற்கவோ தின்னவோ அவர்கள் கொண்டுவரவில்லை, ஆசையால் கொண்டுவந்தார்கள். அந்த ஆசையின் விலையை நூறு ஆண்டுகள் கழித்து ஒரு கத்தரித் தோட்டக்காரர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 1966இல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்று நத்தைகளை மியாமி நகருக்குக் கொண்டுபோனான். அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழு ஆண்டுகளில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நத்தைகள் அங்கே கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றை ஒழித்து முடிக்கப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் செலவானது. மூன்றிலிருந்து இவ்வளவு பெருகியது எப்படி என்றால், இந்த இனத்தில் ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருக்கிறது. ஒரு தடவையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை மண்ணுக்குள் இடும். வெயில் காலத்தில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். போதாததற்கு, ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டும். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பதெல்லாம் சுண்ணாம்புக்கல். இதைவிடத் தோதான இடம் அதற்கு எங்கே கிடைக்கும்?

ஆகவே இங்கே ஒரு நத்தைப் பண்ணை என்பது வேலி இல்லாத பண்ணை. மிகச் சிறிய குஞ்சு வலையின் கண்ணுக்குள்ளால் நுழைந்துவிடும். மாடு பட்டியை உடைத்துக்கொண்டு போனால் தேடிப் பிடிக்கலாம். முட்டையோடு அள்ளிப்போன ஒரு கூடை மண்ணை யார் தேடுவது? நாலு வீட்டார் தோட்டத்தைப் பணயம் வைத்து ஒருவர் உழைப்பது நீதியன்று. எலிகளின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகளையும் இந்த நத்தை சுமக்கும். அந்தப் புழு மனிதரின் உடலுக்குள் போனால் மூளையைச் சுற்றிய சவ்வு அழற்சியடையலாம். பிள்ளைகள் வெறுங்கையால் பிடித்து விளையாடும் செல்லப் பிராணி அன்று இது.

ஆனால் வளர்ப்பதே பாவம் என்றும் நான் சொல்ல மாட்டேன். பசிபிக் தீவுகளில் ஆபிரிக்க நத்தையை ஒழிப்பதற்கென்று, நத்தையைத் தின்னும் இன்னொரு நத்தையை இறக்கினார்கள். ஹவாயில் 1955இல் தொடங்கிய வேலை அது. வந்த நத்தை, அந்தத் தீவுகளுக்கே உரிய சிறிய மர நத்தைகளில் பல இனங்களைத் தின்று தீர்த்தது. ஹவாயில் ஓர் இனத்தின் கடைசி நத்தைக்கு ஜோர்ஜ் என்று பெயர் வைத்துக் கூண்டில் பாதுகாத்தார்கள். 2019 ஜனவரி முதலாம் திகதி அது இறந்தது, அந்த இனமும் அன்றோடு முடிந்தது. தாஹிட்டியையும் அதை அண்டிய தீவுகளையும் சேர்ந்த பார்ட்டுலா நத்தைகளுக்கு இந்தக் கதி முழுதாக வரவில்லை. இலண்டன் விலங்குக் காட்சிச்சாலை முதலிய இடங்களில் பல தலைமுறையாக வளர்த்து, இப்போது அவற்றைச் சொந்தக் காட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அதுவும் நத்தை வளர்ப்புத்தான். அழியப்போகும் உயிருக்காகச் செய்யப்படும் அந்த வேலையை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

சரி, உப்புக்கு வருவோம்.

நத்தைக்கு நோகுமா? தொல்காப்பியம் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்தபோது, நந்து எனப்பட்ட நத்தையை ஈரறிவு உயிராக வைத்தது. தொடு உணர்வும் சுவை உணர்வும் அதற்கு உண்டு என்று சொன்னது. நோவதற்கு முதலாவது உணர்வே போதும். 1983இல் மார்ட்டின் கவாலியர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் நத்தைகளைச் சூடான தட்டில் விட்டுப் பார்த்தார்கள். சூடு பட்டதும் நத்தை காலின் முன்பக்கத்தைத் தூக்கியது. மனிதரின் வலிக்குக் கொடுக்கும் மோர்பின் மருந்தைக் கொடுத்தபோது, தூக்குவதற்குக் கூடுதல் நேரம் எடுத்தது. நத்தையின் இனத்துக்கு நெருங்கிய ஒரு கடல் உயிரியைக் கொண்டுதான் நினைவு எப்படி உண்டாகிறது என்பதை எரிக் கண்டெல் ஆராய்ந்தார், 2000ஆம் ஆண்டு நோபல் பரிசும் பெற்றார். அந்த உயிரியிடம் இருப்பவை ஏறத்தாழ இருபதாயிரம் நரம்புக் கலங்கள்தான். ஆனாலும் பட்ட துன்பத்தை அது நினைவில் வைத்திருக்கிறது.

மனிதரைப்போல நத்தை துயரப்படுகிறது என்று இவை நிரூபிக்கவில்லை. ஆனால் நோவு இருக்கக்கூடும் என்று இவ்வளவு தெரிந்த பிறகும் உப்பைக் கொட்டுவதற்கு எங்களிடம் என்ன நியாயம் உண்டு? சட்டம் எங்களைத் தடுக்காது. இலங்கையின் மிருகவதைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. வளர்ப்பு விலங்கையும் பிடிபட்ட விலங்கையும் மனதில் வைத்து எழுதப்பட்ட அது, மதிலில் ஊரும் நத்தையைத் தேடி வராது. வெள்ளிக்கிழமை மச்சம் சேர்க்காத வீட்டிலும் இந்த உப்புப் போத்தல் திறக்கிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கொல்லாமையைச் சாப்பாட்டுக் கோப்பையோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

தோட்டம் வைத்திருப்பவர் நத்தையை அழிக்கத்தான் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. மரவள்ளியையும் கீரையையும் நம்பிப் பிழைக்கும் குடும்பத்திடம், சும்மா விடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கொல்வதற்கும் ஒரு முறை உண்டு. பொழுதுபட்ட பிறகு ரோச் லைட்டோடு போய், கையுறை போட்டுப் பொறுக்குங்கள். கையுறை இல்லாவிட்டால் சொப்பிங் பையைக் கையில் சுற்றிக்கொள்ளலாம். நனைத்த சாக்கின் கீழே பப்பாசி இலையும் கோவா இலையும் போட்டு வைத்தால் அவை தாமாக வந்து சேரும். பிடித்தவற்றைத் தடித்த பையில் போட்டு, பாரமான கல்லால் ஒரே அடியில் நசுக்கிவிடுங்கள். கேட்க அருவருப்பாக இருக்கும். ஆனால் அது நொடியில் முடியும் சாவு. பிறகு ஆழக் குழி வெட்டித் தாட்டுவிடுங்கள். வெண்ணிற முட்டைக் குவியலைக் கண்டால் அதையும் நசுக்குங்கள். உப்பு, நத்தையை வதைப்பதோடு உங்கள் மண்ணையும் கெடுக்கும்.

கடலிலும் எங்களுக்கு ஒரு நத்தை இருக்கிறது. கோயிலில் ஊதும் சங்கும் ஒரு கடல் நத்தையின் ஓடுதான். யாழ்ப்பாணக் கடலில் குளித்தெடுத்த சங்கு பல நூறு ஆண்டுகளாக வங்காளத்துக்குப் போய், அங்கே பெண்களின் கைவளையாக அறுக்கப்பட்டது. ஒவ்வொரு சங்குக்குள்ளும் ஓர் உயிர் இருந்தது. சுழியோடிகளின் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. மூச்சையும் உயிரையும் பணயம் வைத்து அவர்கள் உழைக்கிறார்கள். எழுபது மில்லிமீற்றருக்குக் குறைந்த சங்கைப் பிடிக்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி சொல்கிறது. சிறிய சங்கு ஒரு தடவையாவது இனம் பெருக்கட்டும் என்பதே இப்படியான விதியின் நோக்கம். உயிரை எடுத்துப் பிழைப்பவர் அந்த உயிரின் வம்சத்துக்குச் செய்யக்கூடிய ஆகக் குறைந்த மரியாதை அது. வாங்குகிற நாங்களும் குஞ்சுச் சங்கை வாங்காமல் விடலாம்.

நேயர்களே, ஆபிரிக்க நத்தையை வளர்க்க எடுக்காதீர்கள். ஊரிலிருந்து ஊருக்கு வாழைக்குட்டியோ பூஞ்சாடியோ கொண்டுபோகும்போது மண்ணைக் கிளறி முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நாளை காலை மதிலில் நத்தையைக் கண்டால், பிள்ளைகளின் கையில் உப்பைக் கொடுக்காதீர்கள். அவர்களைக் கூப்பிட்டு அதன் கண் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். நீண்டிருக்கும் இரண்டு கொம்புகளின் நுனியில் இருக்கிறது.